ஜேர்மன் சட்டம்பியார் கொடுத்த கரி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் ஒழுங்கையில் முதலில் லொறி வாங்கியவன் நான், முதலில் மாடி வைத்துக் கட்டியவனும் நான். எங்கள் ஊர் நீர்வேலி வாழைக்குலை இன்று கொழும்பில் பெயர் சொல்லி விற்கிறதென்றால் அதில் என் தோள் தழும்புக்கும் பங்கு உண்டு. பட்டம் எடுத்த பிள்ளைகள் வேலை கேட்டு என் வாசலில் நிற்கிறார்கள். இதையும் என் கையால்தான் எழுதுகிறேன். மகள் எழுத்துப்பிழை பார்த்தாள், அவ்வளவுதான். ஒரு வசனத்தையும் மாற்ற விடவில்லை.

கடுமையான மனிதர்கள் எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். குலைக்கு விலை சொல்லும் கொழும்பு முதலாளிமார், இரண்டாம் யுத்தகாலத்தில் பெற்றோல் கூப்பன் கொடுத்த துரைமார், காணிக்காகக் கோட்டுக்கு இழுத்த சொந்தக்காரர். ஒருவர் முன்னாலும் என் கண் தாழ்ந்ததில்லை. தாழ்ந்தது ஒரேயொருவர் முன்னால். முதலாம் இரண்டாம் வகுப்புகளுக்குப் படிப்பித்த ஒரு மெலிந்த மனிதர் அவர். ஒரு கதலிக் குலையைத் தூக்கச் சொன்னால் குலையோடு தானும் விழுந்திருப்பார்.

வாத்தியாரை அந்தக் காலத்தில் சட்டம்பியார் என்போம். இவரை ஊர் முழுக்க ஜேர்மன் சட்டம்பியார் என்றது. சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆசிரியர் பரீட்சையில் தேறியும் வேலை கிடையாமல் கொழும்புக்குப் போய், தும்பு வியாபாரம் செய்த ஒரு ஜேர்மன்காரரிடம் கிளாக்கராக இருந்து, அவர் ஊர் திரும்பும்போது கூடவே கப்பலேறியவர். ஏழு வருஷம் அங்கே இருந்தார். திரும்பி வந்தபோது கறுத்த சப்பாத்து, சங்கிலி போட்ட கடிகாரம், ஒரு தகரப் பெட்டி, இவ்வளவுதான் கொண்டுவந்தார். கலியாணம் செய்யவில்லை. சந்தியில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்து இருந்தார். கோவா என்கிற முட்டைக்கோசை அரிந்து உப்புப் போட்டுச் சாடியில் புளிக்கவைத்துச் சாப்பிடுவார். அந்த மணத்துக்குப் பயந்து கடைக்காரர் அறை வாடகையைக் கேட்கவே உள்ளே போகமாட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் சைவப் பள்ளிக்கூடத்து மனேச்சருக்கு அவரில் பெருமை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸி இருந்தால் எங்களிடம் ஜேர்மனியைக் கண்டவர் இருக்கிறார் என்று கோயில் வாசலில் நின்று சொல்வார். ஆகவே வெள்ளிக்கிழமை கடைசி மணித்தியாலம் அவர் விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டிருந்தார். அதுதான் எங்களுடைய ஜேர்மன் பாடம். தாள் மடித்து நட்சத்திரம் வெட்டுவோம். கோதுமை மாவை மூன்று புரியாகப் பின்னிச் சுடுவோம். விளங்காத பாட்டை விளங்கினவர்கள் போலப் பாடுவோம்.

காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் வலது கையையும் பிடித்துக் குலுக்கி, "குட்டன் மோர்கன்" என்பார். அது அந்த நாட்டுக் காலை வணக்கம். கையைப் பிடித்தபடியே நகத்தையும் பார்த்துவிடுவார்.

இந்தக் கைகுலுக்கலில்தான் முதல் வில்லங்கம் வந்தது. எங்கள் வகுப்பில் செல்லன் என்றொருவன் இருந்தான். தாழ்த்தப்பட்ட சாதி என்று இப்போது எழுதுகிறார்கள். அப்போது நாங்கள் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. வாங்கில் இருக்க அவனுக்கு உரிமை இல்லை. கதவோரம் ஒரு சாக்கை விரித்து நிலத்தில் இருப்பான். மத்தியானத்தில் வகுப்பைக் கூட்டுவதும் அவன்தான். சட்டம்பியார் அவனுடைய கையையும் குலுக்கினார். செய்தி வீடுகளுக்குப் போனது. மனேச்சர் வந்தார்.

"எல்லாற்றை கையையும் பிடியுங்கோ சட்டம்பியார். அவன்ரை கையை மட்டும் விடுங்கோ."

"ஒருத்தனை விட்டா அது வழக்கமில்லை ஐயா. பிடிச்சா எல்லாரையும் பிடிக்கவேணும். இல்லாட்டி ஒருத்தரையும் பிடிக்கக்கூடாது."

மனேச்சர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த நாளிலிருந்து சட்டம்பியார் எந்தப் பிள்ளையின் கையையும் தொடவில்லை. பழக்கத்தில் கையை நீட்டிய ஒரு சின்னப் பெண்பிள்ளை நீட்டியபடியே நிற்க, அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அழுதாள். அவர் அடுத்த பிள்ளையின் நகத்தைப் பார்த்தார். சாக்கைப் பற்றி மட்டும் அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சாக்கு பள்ளிக்கூடத்தின் விதி, கைகுலுக்கல் அவருடைய விதி. இரண்டையும் அவர் கலக்கமாட்டார்.

இப்படித்தான் மனிதர். விதி என்று ஒன்றைப் பிடித்தால் அது யாரை வெட்டுகிறது என்று பார்க்கமாட்டார். தன்னையும் வெட்ட விடுவார். ஒருநாள் வழியில் பட்டி மாடுகள் மறித்து ஐந்து நிமிஷம் பிந்தி வந்தார். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிந்தி வருகிற பிள்ளைகளைப் போலத் தானும் ஒரு மணித்தியாலம் வாங்கின் மேல் ஏறி நின்றே படிப்பித்தார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் இனிப்பும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரு பெரிய கூம்பு கொடுப்பார். அங்கே அப்படி வழக்கமாம். சீனி சுற்றி வரும் நீலத் தாளை உருட்டி, பிள்ளையின் முழங்கை நீளத்துக்குச் செய்து, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய், பனங்கட்டிக் குட்டான் எல்லாம் நிரப்பி, வாயை நூலால் கட்டிக் கொடுப்பார். முதல் நாள் இனிக்கவேண்டும், மிச்ச நாளெல்லாம் கசக்கும், அதைத் தெரிந்துதான் கொடுக்கிறார்கள் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்வார். கடைத் தராசில் ஒவ்வொரு கூம்பையும் நிறுத்துத்தான் கட்டுவார். செல்லனுடைய கூம்பும் என்னுடையதும் ஒரே நிறை. நான் அன்றே தின்று முடித்தேன். செல்லன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அடுத்த நாள் இனிப்பு எல்லாம் தம்பி தங்கைக்குப் போக, நீலத்தாளை விரித்து மடித்துக் கொண்டுவந்து அதன் உட்பக்கத்தில் அரிச்சுவடி முழுவதும் எழுதிக் காட்டினான். அவன் அப்படி. வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன். எங்கள் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

விளக்கு ஊர்வலமும் நினைவிருக்கிறது. கார்த்திகை விளக்கீட்டுக்குக் கிட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. பப்பாசிக்காயைக் குடைந்து கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே தேங்காயெண்ணெய்த் திரி வைத்து, கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு கோயில் கேணிவரை போய்த் திரும்பவேண்டும். பொழுது படுகிற நேரம். இரண்டு விதி. வரிசை முறியக்கூடாது, பாட்டு நிற்கக்கூடாது. வழியில் ஒரு பிள்ளையின் விளக்குச் சரிந்து கொதித்த எண்ணெய் முன்கையில் ஊற்றியது. அவள் அழுதுகொண்டே பாடினாள். அவர் கண்டார். கண்டுகொண்டே முன்னால் நடந்தார். நாங்கள் கேணியைச் சுற்றித் திரும்பி வந்து பள்ளிக்கூட முற்றத்தில் கடைசி அடியைப் பாடி முடித்த பிறகுதான் அவர் தன் சால்வையைக் கிழித்து அவள் கையில் சுற்றினார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு பரியாரியார் வீடுவரை அரைக் கட்டை, அரை மைல் தூரம் ஓடினார். அந்த மெலிந்த மனிதர். நானும் பின்னால் ஓடினேன். சப்பாத்து ஒன்று கழன்று விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளையின் தகப்பன் அடிக்க வந்தார். சட்டம்பியார் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். வரிசை முடிந்த பிறகுதான் பார்த்தேன், அது பிழையென்று பட்டால் அடியுங்கள் என்றார். தகப்பன் ஒன்று கொடுத்தார். மூக்குக்கண்ணாடி விழுந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு எப்போது மருந்து கட்டவேண்டும் என்று பரியாரியாரிடம் கேட்டார். மூன்று கிழமை தினமும் அவர்தான் போய்க் கட்டினார்.

ஜேர்மனியோடு முதலாம் யுத்தம் தொடங்கினதும் ஊர் அவருக்கு என்ன செய்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூம்பு வாங்கித் தின்ற வீடுகளிலிருந்தே கல் வந்தது. பெரிய வகுப்புப் பெடியன்கள் மதராசில் குண்டு போட்ட ஜேர்மன் கப்பலின் பெயரால் "எம்டன்" என்று கத்திக்கொண்டு பின்னால் போனார்கள். கேணியடியில் விளக்குப் பிடித்தது கப்பலுக்கு அடையாளம் காட்டத்தான் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கடல் அங்கிருந்து எத்தனை கட்டை என்று யாரும் யோசிக்கவில்லை. பொலிஸ் வந்து தகரப் பெட்டியைக் கிளறியது. மனேச்சர் ஒரு வழி சொன்னார். அந்த நாட்டோடு எனக்கு ஒரு பற்றும் இல்லை, அங்கே பட்டதெல்லாம் துன்பம் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தால் வேலையைக் காப்பாற்றலாம் என்றார். சட்டம்பியார் எழுதிக் கொடுத்தார். அங்கே என்னை மரியாதையாக நடத்தினார்கள், இப்போது அவர்கள் செய்வது பிழை, இரண்டும் உண்மை என்று எழுதினார். வேலை போயிற்று.

பருத்தித்துறைப் பக்கம் போய் மீன்பிடிக்காரரின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று கேள்வி. பிறகு ஒருமுறைதான் கண்டேன். சுன்னாகம் சந்தையில். எனக்குப் பதினைந்து வயது, சொந்தக் காசில் வாங்கிய எட்டுக் குலையோடு நிற்கிறேன், சந்தையே என்னுடையது என்ற எண்ணம். அவர் நடந்து வந்தார். சட்டை கழுத்துவரை பூட்டியிருந்தது, சப்பாத்தில் தையல் விட்டிருந்தது. என்னைக் கண்டதும் நின்றார்.

"நகத்தைக் காட்டு."

காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. "ஊத்தை" என்றார். போய்விட்டார்.

இனிச் சிப்பாயின் கதைக்கு வருகிறேன். அது யுத்தத்துக்கு முந்திய மார்கழி.

தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்த ஒரேயொரு விளையாட்டுச் சாமான் அது. ஒரு முழ உயரத்தில் மரத்தால் செய்த சிப்பாய். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தாடி, பெரிய பல்லு. முதுகில் இருக்கிற தடியை உயர்த்தினால் வாயைத் திறப்பான், அமத்தினால் கடிப்பான். அங்கே அவனைக் கொண்டு மெல்லிய ஓட்டுக் கொட்டைகளை உடைப்பார்களாம். இங்கே அவனுக்குக் கச்சான், அதுதான் நிலக்கடலை, கொடுப்போம். வெள்ளிக்கிழமைதோறும் யாருடைய நகம் சுத்தமோ அந்தப் பிள்ளை ஒரு கச்சானைச் சிப்பாயின் வாயில் வைத்து உடைக்கலாம். வகுப்பு முழுவதும் கைதட்டும்.

நான் ஒருநாளும் உடைத்ததில்லை. விடியற்காலையில் வாழைத்தோட்டத்தில் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவேன். வாழைக்கயர், அந்தக் கறைப்பால், பட்ட விரல் எதைப் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. சட்டம்பியார் என் கையைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், அடுத்த பிள்ளைக்குப் போவார். கயர் வேறு ஊத்தை வேறு என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை. செல்லன் நாலு தரம் உடைத்திருந்தான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எல்லாரும் வெளியே போன பிறகு அலுமாரியைத் திறந்து சிப்பாயை எடுத்தேன். கச்சான் என்னிடம் இல்லை. வீட்டில் என் ஐயாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து எடுத்த ஒரு கொட்டைப்பாக்கு இருந்தது. எங்கள் ஊரில் கடிக்கிற வாய் என்று ஒன்றைக் கண்டால் பாக்குத்தான் கொடுப்போம். வைத்தேன். அமத்தினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் அமத்தினேன். பாக்கில் ஒரு சில்லுத்தான் பறந்தது. உடைந்தது சிப்பாயின் தாடை.

திரும்பினால் விளக்குமாறோடு செல்லன் நிற்கிறான். தாடையைப் பொருத்தி வைத்து அலுமாரியைச் சாத்தினேன். அவன் மெதுவாகச் சொன்னான்:

"பாக்குச் சில்லு வாய்க்குள்ளை கிடக்குது. எடுத்துப்போட்டு வையுங்கோ."

எடுக்கவில்லை. ஓடிவிட்டேன்.

அடுத்த நாள் எல்லார் முன்னாலும் தாடை கழன்று மேசையில் விழுந்தது. சட்டம்பியார் பாக்குச் சில்லை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் அப்படிச் சிறுத்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. மத்தியானத்தில் உள்ளே நின்றது யார் என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சாக்கைத் திரும்பிப் பார்த்தது. செல்லன் எழும்பி நின்றான்.

"நீயோ உடைச்சனி?"

"இல்லை, சட்டம்பியார்."

"அப்ப ஆர்?"

செல்லன் பேசவில்லை. அவனுடைய தகப்பன் என் பெரியப்பாவின் தோட்டத்துக் கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைப்பவர். என் பெயரைச் சொன்னால் அன்று பின்னேரம் துலாவில் வேறொருவர் நிற்பார். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் அதுவே சொன்னது போலாகிவிடும் என்று நிலத்தைப் பார்த்தான். நான் என் நகத்தைப் பார்த்தேன்.

தெரிந்தும் சொல்லாதவன் செய்தவனேதான் என்று சட்டம்பியார் தீர்த்தார்.

அடுத்த கிழமை நிக்கலஸ் நாள் வந்தது. நிக்கலஸ் என்றொரு தாடிக்காரப் பெரியவர் வருஷத்தில் ஒருநாள் பிள்ளைகளின் சப்பாத்துக்குள் இனிப்பு வைத்துவிட்டுப் போவாராம். குழப்படிக்காரனின் சப்பாத்துக்குள் கரி வைப்பாராம். இது கிறிஸ்தவ வேதக்காரரின் சமாச்சாரம் என்று மனேச்சர் முதலில் முறுகினார். பிறகு, நிக்கலஸ் அந்த நாட்டுச் சித்தர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதாக இணக்கம் ஏற்பட்டது. ஒரு பெண்பிள்ளை கரும்பலகையில் கீறியிருந்த நிக்கலஸின் நெற்றியில் மூன்று குறியாகத் திருநீறும் பூசிவிட்டாள். சட்டம்பியார் அதை அழிக்கவில்லை.

சப்பாத்து எங்களிடம் ஏது. ஆகவே பனையோலையில் ஆளுக்கொன்று பின்னினோம். வியாழன் பின்னேரம் வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனோம். செல்லனுடைய சப்பாத்துத்தான் வடிவு. வார், குதி, ஓட்டை எல்லாம் வைத்திருந்தான். காலையில் எங்கள் சப்பாத்துகளில் கற்கண்டும் எள்ளுருண்டையும். அவனுடையதில் கரி.

வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்குக் கரி உண்டு. கிடைத்தவன் வெளியே நிற்கவேண்டும். எல்லார் முன்னாலும் "நான் செய்தது பிழை" என்று சொன்னால் உள்ளே வரலாம், அப்போது இனிப்பும் கிடைக்கும். முந்திய வருஷம் மனேச்சரின் தங்கை மகனுக்கே கிடைத்தது. அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு எள்ளுருண்டையோடு உள்ளே வந்தான். சொல்லாதவன் சொல்லும்வரை வெளியே. அவ்வளவுதான் விதி. செல்லன் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

ஒரு கிழமை கழித்துத் தகப்பன் இழுத்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் வைத்து, சொல்லிப்போடடா, ஒரு சொல்லுத்தானே, படிப்புப் போகுதடா என்று கெஞ்சினார். பிறகு பூவரசந் தடியால் அடித்தார். நாங்கள் யன்னலால் பார்த்தோம். சிலர் அடியை எண்ணினார்கள். சட்டம்பியார் வாசலில் நின்று காத்திருந்தார். அடிக்கச் சொல்லவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. பதினொன்று என்று யாரோ சொன்னபோது தடி முறிந்தது. செய்யாததை எப்படிச் சொல்கிறது என்று செல்லன் கேட்டான். தகப்பனிடம் கேட்டானா, சட்டம்பியாரிடம் கேட்டானா தெரியாது.

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் தனியே போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"சிப்பாயை உடைச்சது நான், சட்டம்பியார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும். சிப்பாயின்ரை முதுகிலை கயர் பிரண்டிருந்தது. முந்தநாள்தான் கண்டனான்."

"அப்ப செல்லனைக் கூப்பிடுங்கோ."

"குடுத்தது குடுத்ததுதான். ஒண்டைத் திருப்பி எடுத்தா, இனி நான் குடுக்கிற ஒண்டையும் நீங்கள் நம்பமாட்டியள்."

"அவன் செய்யேல்லை, சட்டம்பியார்."

"வந்து சொல்லட்டும். சொன்னா உள்ளுக்கை எடுக்கிறன். விதி அவனுக்கும் எனக்கும் ஒண்டுதான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வருஷத்துக்கு ஒரு கரிதான். உனக்கு வாற மார்கழி."

அந்த வருகிற மார்கழி வருவதற்குள் யுத்தம் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் அதுவரைக்கும் ஒவ்வொரு காலையும் அவர் என் நகத்தைப் பார்த்துவிட்டு என் கண்ணைப் பார்ப்பார். நான் கண்ணைத் தாழ்த்துவேன். பெரிய மனிதர்கள் முன்னாலெல்லாம் நிமிர்ந்து நின்ற இந்தக் கண்.

அடுத்த நாள் காலை பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போனேன். தகப்பன் மேலே துலா மிதிக்க, செல்லன் மண்வெட்டியோடு வாழைப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். முதுகில் தழும்பு கன்றியிருந்தது. சொல்லிவிட்டேன் என்றேன். அவன் வாய்க்காலை அடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"சட்டம்பியார் என்ன சொன்னவர்?"

அந்த முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல நா எழவில்லை என்று எழுதினால் வடிவாயிருக்கும். உண்மை அதுவல்ல. அவன் என்னை நல்லவன் என்று நினைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

"உன்னை வரச் சொன்னவர்" என்றேன்.

அடுத்த நாள் அவன் வந்தான். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, சிலேற்றைக் கழுவி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தான். வாசல் படியில் நின்றான். வாசிப்புப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சட்டம்பியார் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தினார்.

"சொல்ல வந்தனியோ?"

செல்லன் என்னைப் பார்த்தான். வகுப்பில் எல்லார் முன்னாலும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"இல்லை, சட்டம்பியார்" என்றான்.

"அப்ப வெளியிலை நில்."

வாசிப்புப் பாடத்தை எப்போதும் நாங்கள்தான் ஆளுக்கொரு வரியாக வாசிப்போம். அவர் கேட்டுப் பிழை திருத்துவார், அதுவே வழக்கம். அன்று அவர் புத்தகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கதவுப் பக்கம் இரண்டடி நடந்தார். படியைத் தாண்டவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தானே வாசித்தார், உரத்து, ஒவ்வொரு சொல்லாக. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

செல்லன் இரண்டாவது தரமும் முடியும்வரை வெயிலில் நின்றான். பிறகு சிலேற்றை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு அவன் வரவில்லை.

நான் உள்ளே, வாங்கில், நிழலில்தான் இருந்தேன். இரண்டு தரமும் கேட்டேன். அது என்ன பாடம் என்று எனக்கு ஒரு சொல்லும் ஞாபகமில்லை.